பூட்டும் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"சங்கத்தோட இணையதளத்தைப் பார்த்துக்கறது நீதானேப்பா, அதைப் பத்தியே பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். சாதனை என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தவறைத்தான் சொல்லப் போகிறேன். பாடம் அதில்தான் இருக்கிறது.

நம் தளம் சின்னது. மொத்தம் ஏழெட்டுப் பக்கம். ஆனால் வருடத்தில் ஒரு மாதம் அதன் வழியாக உதவித்தொகை விண்ணப்பம் வாங்குகிறோம். அப்பாவின் வருமானச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம், செல்போன் எண் எல்லாம் அதில் வருகின்றன. அதனால்தான் நம் முகவரி வெறும் 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கக்கூடாது, 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்க வேண்டும் என்கிறோம்.

அந்தக் கடைசி 'எஸ்' இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, போகிற வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைச் சங்கேதமாக மாற்றுகிறது. தபால் கார்டுக்கும் ஒட்டிய கவருக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டு, எதிர்முனையில் இருப்பது நம் தளம்தானா என்று உறுதி செய்கிறது. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதால் பிரயோஜனமில்லை. கவரை நன்றாக ஒட்டி, அரக்கு முத்திரையும் வைத்து, திருடன் வீட்டு முகவரிக்கே அனுப்பினால் என்ன லாபம்?

இந்த இரண்டாவது வேலைக்குத்தான் சான்றிதழ். வேலைக்கு மனுப் போட்ட காலத்தில் கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்தோமே, கிட்டத்தட்ட அதேதான். நம் சர்வரிடம் இரண்டு சாவி இருக்கும். ஒன்று ரகசியச் சாவி. அது சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. மற்றொன்று பொதுச் சாவி. 'இந்தப் பெயருள்ள தளத்தின் பொதுச் சாவி இதுதான்' என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுப்பதே சான்றிதழ். யார் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் பிரௌசரில் முன்கூட்டியே இருக்கும்.

முன்பெல்லாம் இதற்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாபநோக்கற்ற சேவை எல்லோருக்கும் இலவசமாகவே தர ஆரம்பித்தது. வேலையும் சுலபம். 'சர்ட்பாட்' என்ற நிரலை நம் சர்வரில் போட்டால், அவர்கள் ஒரு குறியீட்டைக் கொடுத்து, "இதை உன் தளத்தில் இந்த இடத்தில் வை" என்பார்கள். பிறகு 80-ஆம் போர்ட் வழியாக வந்து பார்ப்பார்கள். குறியீடு இருந்தால் தளம் நம் கையில் இருப்பது நிரூபணம், சான்றிதழ் வந்துவிடும். நமக்கு வந்ததன் ஆயுள் 90 நாள். 30 நாள் மீதமிருக்கும்போது நிரலே புதுப்பித்துக்கொள்ளும்.

இதில் நான் எங்கே தவறினேன்? 2025 மே மாதம், பாதுகாப்பைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று, 80-ஆம் போர்ட்டை மூடிவிட்டேன். ஜூலையில் புதுப்பிக்க முயன்ற நிரல் தினமும் தோற்றது. அந்தப் பதிவேட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. காலாவதி ஆகும் முன் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து மின்னஞ்சல் வருமே என்ற தைரியம். அந்த நினைவூட்டலை அவர்கள் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். முன்னறிவிப்பும் செய்திருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. விண்ணப்பத்துக்கு ஞாயிறு கடைசி நாள். மூன்றாமாண்டுத் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, நம்ம சைட் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருது." நான் மீட்டிங்கில் இருந்தேன். யோசிக்காமல், "ஒண்ணுமில்லடா, அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போகச் சொல்லு" என்றேன். அவன் அதை அப்படியே வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டான். நிறையப் பேர் அப்படியே செய்தார்கள்.

ஒரு மாணவி மட்டும் செய்யவில்லை. மாலையில் எனக்கு எழுதியிருந்தார்: "சிவப்பு வந்தா உள்ளே போகக்கூடாதுன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க சார். அதான் போகல. கடைசித் தேதி போயிடுமா?"

அதைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. சரியாக நடந்துகொண்ட பிள்ளைதான் உதவித்தொகையை இழக்க இருந்தது. மற்றவர்களுக்கோ எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நானே கற்றுக்கொடுத்துவிட்டேன். நாளைக்கு உண்மையான போலித் தளம் வந்தாலும் அதே பட்டனைத்தானே அழுத்துவார்கள்?

இந்த எச்சரிக்கையின் மதிப்பை ஒரு உண்மைச் சம்பவம் காட்டும். 2011-ல் நெதர்லாந்தின் 'டிஜிநோட்டார்' என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஒருவன் ஊடுருவி, கூகுள் உட்படப் பல பெயர்களில் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினான். ஈரானில் பலருடைய ஜிமெயில் அதைக் கொண்டு ஒட்டுக்கேட்கப்பட்டது. அட்டெஸ்டேஷன் போடும் ஆபீசரின் சீலே திருடு போன மாதிரி. ஆகஸ்ட் மாதம் ஈரானியர் ஒருவருடைய குரோம் பிரௌசர் எச்சரித்தது. அவர் அலட்சியப்படுத்தாமல் வெளியே சொன்னார். விஷயம் அம்பலமானது. பிரௌசர்கள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அது திவாலானது.

நம் கதைக்கு வருகிறேன். போர்ட்டைத் திறந்து சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்தே நிமிடம்தான் ஆனது. கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். குழுவில் என் பெயரிலேயே, "நான் சொன்னது தவறு, இனி சிவப்பு வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்" என்று எழுதினேன். அந்த மாணவியும் விண்ணப்பித்தார்.

அதன்பின் மூன்று ஏற்பாடு செய்திருக்கிறோம். சர்வரில் எதை மாற்றினாலும் புதுப்பித்தலை ஒருமுறை ஒத்திகை பார்க்கிறோம். சர்ட்பாட்டிலேயே அந்த வசதி உண்டு. வெளியிலுள்ள வேறொரு கணினி தினமும் நம் தளத்தைப் பார்த்து, 20 நாளுக்குக் கீழே போனால் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பும். அந்த இரண்டாமவர் தற்போது படிக்கும் மாணவர். வழி மட்டும் பத்திரமாக இருந்தால் போதாது என்பதால், தேர்வு முடிந்ததும் பாஸ்புக் நகல்களைச் சர்வரிலிருந்து அழித்துவிடுகிறோம்.

இனி அவகாசம் இன்னும் குறையும். சான்றளிப்பவர்களும் பிரௌசர் தயாரிப்பவர்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஞாபகத்தை நம்பி ஓட்டும் காலம் முடிந்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழ் இருப்பதால் மட்டும் ஒரு தளம் யோக்கியமானது ஆகிவிடாது. திருடனும் தன் தளத்தின் பெயருக்கு வாங்கலாம். முகவரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எச்சரிக்கை வந்தால் நில்லுங்கள். என்னைப் போன்ற சீனியர் "ஒண்ணுமில்லடா" என்று சொன்னாலும் நில்லுங்கள்.

பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தினமும் இழுத்துப் பார்க்கிற ஆள்தான் வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் இரண்டு பேர் முன்வந்தால் சங்கம் மகிழும்.