இயங்கலை வகுப்பில் காணாமல் போகும் பிள்ளைகள்



பள்ளி மூடப்பட்டாலும் படிப்பு நின்றுவிடக் கூடாது. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஆசிரியர்கள் முன் நின்ற பெரும் சவால் இதுதான். அவ்வாண்டு ஜூன் 15-இல் கல்வி அமைச்சு டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடக்கியது. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் ஒரே தளத்தின் வழி ஆசிரியருக்கும் மாணவருக்கும் கிடைத்தன.

கருவிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் வந்தார்களா?

அதே ஆண்டில், ஏறக்குறைய 9 இலட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் கல்வி அமைச்சு கருத்தாய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவி வைத்திருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைத்தொலைபேசி மட்டுமே. அதுவும் பல வீடுகளில் அப்பாவின் தொலைபேசி. காலை 8 மணிக்கு ஆசிரியர் வகுப்பைத் தொடங்கும்போது அந்தத் தொலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். மாலையில் அது வீடு திரும்பினாலும் அண்ணன், அக்கா, தம்பி மூவரும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

ஆகவே, நேரலை வகுப்பு ஒன்றே பாடம் என்று எண்ணினால் வகுப்பில் ஒரு பகுதியினர் தொடக்கத்திலேயே வெளியே நிற்கிறார்கள். இயங்கலைக் கருவிகளைத் திறம்படப் பயன்படுத்துவது என்றால், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேரும்படி அவற்றைப் பயன்படுத்துவதுதான்.

எடுத்துக்காட்டாக, நான்காம் ஆண்டு கணிதத்தில் பின்னம் என்னும் பாடத்தைப் பார்ப்போம். ஒரு மணி நேரம் திரையில் விளக்கம் சொல்வதற்குப் பதிலாக, ஆசிரியர் மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்றையும் ஒரு படத்தையும் முதல் நாளே புலனக் குழுவில் அனுப்பிவிடலாம். ஒரு தாளை இரண்டாக மடி, மீண்டும் இரண்டாக மடி, விரித்து மூன்று பகுதிக்கு வண்ணம் தீட்டு என்பது பணி. இரவு 8 மணிக்குத் தொலைபேசி கைக்கு வந்தாலும் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். செய்த தாளைப் படம் பிடித்துக் கூகுள் வகுப்பறையில் ஏற்றலாம்.

அடுத்து, கூகுள் படிவத்தில் ஐந்தே கேள்விகள். இரண்டில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா? நான்கு என்ற எண் பெரியது என்பதால் நான்கில் ஒன்றே பெரியது என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். யார் யார் அப்படி நினைக்கிறார்கள் என்பதைப் படிவம் ஆசிரியருக்கு உடனே காட்டிவிடும். நேரலை நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கலாம். ஐந்தாறு பேராக, அரை மணி நேரம். அங்கே ஆசிரியர் பேசுவது குறைந்து பிள்ளைகள் பேசுவது கூட வேண்டும். தரவு குறைவாக இருக்கும் வீட்டுப் பிள்ளை படக்கருவியை மூடிவிட்டுக் குரலில் மட்டும் பேசினாலும் போதும்.

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதாலேயே அந்தப் பிள்ளை படித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. மூன்று நாளாகப் பணி அனுப்பாத பிள்ளையின் வீட்டிற்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யும் வேலையை எந்தச் செயலியும் செய்யாது. கருவியே இல்லாத வீடுகளுக்கு அச்சிட்ட பயிற்சித்தாள்தான் வழி. வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தலுக்காகக் கல்வி அமைச்சு வெளியிட்ட கையேடும் இயங்கலை வழி மட்டுமின்றி, இணையமில்லா வழியையும் ஏற்றுக்கொண்டது. பயிற்சித்தாளில் படிக்கும் பிள்ளையின் விடைக்கும் ஆசிரியரின் கருத்து அதே அக்கறையோடு திரும்பிப் போக வேண்டும்.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஸூம் வகுப்பு ஒன்றில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். அதனால் அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. வகுப்பு இணைப்பைப் பொதுவில் பகிராதிருப்பதும், பெயர் பார்த்து உள்ளே அனுமதிப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. இணைப்பைப் பிறருக்குக் கொடுக்காதிருப்பது பெற்றோரின் பொறுப்பு.

பெற்றோர் கணிதம் கற்பிக்க வேண்டியதில்லை. இரவில் அரை மணி நேரம் தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்து, தொலைக்காட்சியை அணைத்து, அருகில் அமர்ந்தாலே பெரிய உதவி. பிள்ளைக்கு வர வேண்டிய விடையைத் தாங்களே எழுதி அனுப்பாதிருந்தால் அது அதைவிடப் பெரிய உதவி. தவறான விடையைப் பார்த்தால்தான் எதை மீண்டும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. 2025-இல் கோலாலம்பூரில் ஆசியான் உச்சநிலை மாநாடு நடந்தபோது சில பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. ஆண்டிறுதி வெள்ளமோ கிழக்குக் கரைக்குப் புதிதல்ல. பள்ளிக் கதவு மீண்டும் மூடப்படும் நாள் சொல்லிவிட்டு வராது.

அதற்கு முன்பே ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். எந்தப் பிள்ளை வீட்டில் என்ன கருவி இருக்கிறது? அது எத்தனை மணிக்குக் கிடைக்கும்? எத்தனை பேர் அதைப் பகிர்கிறார்கள்? ஒரே ஒரு தாள் போதும். அடுத்த முறை எந்தப் பிள்ளையும் காணாமல் போகாதிருக்க அந்தத் தாள் உதவும்.