பெரட்டுக்கு முன் அடுப்பேறும் சாப்பாடு



கோதுமை கலக்காத சமையலைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். கொழும்பில் பெரிய கடைகளுக்குப் போனால் இதற்கென்றே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதிய பிஸ்கட், பாஸ்தா, பாண் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து அதில் அடுக்கியிருக்கும். விலையைப் பார்த்தால் பக்கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரத் தோன்றும். அந்தத் தட்டைப் பற்றிய பேச்சு அல்ல இது. நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், தேயிலைச் செடியில் வெட்டிய மிலாறு எரியும் அடுப்பில், ஐந்து பேருக்குக் கோதுமை இல்லாமல் சமைத்து முடிக்க முடியுமா, அதுவும் கைக்காசுக்குள் முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில், யாருக்கு இது தேவை? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு புரதம்தான் குளூட்டன். மாவைப் பிசையும்போது இழுபட்டு வருகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் சிறுகுடலின் உட்புறத்தைச் சேதமாக்குகிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றோட்டம், வயிற்று உப்பிசம், சோகை, பிள்ளை வளராமல் நிற்பது எனப் பல வடிவில் அது வெளிப்படும். உலக அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது இருப்பதாக மருத்துவர்கள் கணிக்கிறார்கள். மருந்து கிடையாது. அந்தத் தானியங்களை ஆயுள் முழுதும் விலக்குவதே வைத்தியம். மற்றவர்களில் பெரும்பாலோர் கோதுமையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மெலிவதற்கும் அழகுக்கும் அதை விடச் சொல்பவர்களின் பேச்சை நான் பெரிதாக எடுப்பதில்லை.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று உறுதிசெய்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் சனங்கள் பட்டினி கிடந்தார்கள். ஊரே வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. 1950இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

அதே போர் நம்முடைய மலைக்கு என்ன செய்தது என்று பாருங்கள். அதுவரை தோட்டத்துச் சாப்பாடு அரிசிதான். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்த பிறகு, அரிசி மூட்டை மேலே ஏறியது, தேயிலைப் பெட்டி கீழே இறங்கியது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தபோதும், தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையைக் கூலிக் கணக்கோடு சேர்த்தே நிர்ணயித்தார்கள். அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. ஐரோப்பாவில் பாணை எடுத்துக்கொண்டுபோன போர், நமக்கு மாவைக் கொண்டுவந்து கொடுத்தது.

வந்த மா திரும்பிப் போகவில்லை. பின்னால் அமெரிக்க உதவிக் கோதுமை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. தோட்டத்தில் மாவைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கு முன் 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் குறைந்து, சனங்கள் மரவள்ளியையும் கண்ட கீரையையும் அவித்துத் தின்ற கதையைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் சில அம்மாயிமார் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் ருசி அல்ல, அந்த வருசங்கள்.

ஆகவே மா ரொட்டியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அது இந்த மலைக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திப்போன சாப்பாடு. ஐயாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. சோறும் கடலையும் வேகக் கூடுதல் நேரமெடுக்கும், விறகும் கூடுதலாகப் போகும். குளிரில் தோசை மா புளிக்காது, இரவெல்லாம் அடுப்போரம் வைத்துக் காக்க வேண்டும். ரொட்டிக்கு ஊறவும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். மாவில் உப்பும் தண்ணியும் போட்டுப் பிசைந்து தட்டினால் கால் மணித்தியாலத்தில் தயார். சம்பலோடு சீலையில் சுற்றிப் பைக்குள் போட்டால் மத்தியானம் வரைக்கும் வளையுமே தவிர உடையாது, சிந்தாது. கொழுந்துக்கூடையோடு சரிவில் நிற்பவளுக்கு அது பெரிய காரியம். ரொட்டிக்கு மாற்றாக எதைச் சொன்னாலும் இந்தப் பரீட்சையில் அது தேற வேண்டும்.

தேறுவதில் முதலாவது அரிசி மா ரொட்டி, ஆனால் நிபந்தனையோடு. அரிசி மாவில் இழுவை கிடையாது. பச்சைத் தண்ணி விட்டுப் பிசைந்தால் தட்டும்போதே பிளந்து கொட்டும். வறுத்த அரிசி மா இரண்டு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. இதில் நன்றாகக் கொதிக்கும் தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். சுடுதண்ணியில் மா பாதி வெந்து பசையாகி, குளூட்டன் செய்யும் வேலையை ஓரளவு செய்துவிடும். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, உள்ளங்கை அளவில் சின்னதாகத் தட்டுங்கள். பெரிதாகத் தட்டினால் திருப்பும்போது உடையும்.

இதில் ஒரு குறை உண்டு. சுடச்சுட அருமையாக இருக்கும் இந்த ரொட்டி, மலைக் காற்றுப் பட்டு ஆறினால் மத்தியானத்துக்குள் விறைத்துவிடும். அதற்கு மருந்து நம் வாசலிலேயே விளைகிறது. அவித்த உருளைக்கிழங்கை மசித்து, மாவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி மென்மையாகவே இருக்கும். முழுக்கிழங்கு விலை சொன்னால் சந்தையில் பொறுக்கி ஒதுக்கிய சிறு கிழங்கு போதும், மசிக்கத்தானே போகிறோம். இந்தக் கிழங்கு ரொட்டிக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். மா ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியது இது ஒன்றுதான்.

கடையில் பக்கட்டில் வாங்கும் அரிசி மா விலை கூட. நாட்டரிசிக் குறுணலை வாங்கிக் கழுவி ஊறவைத்து, வடித்து மில்லில் அரைத்து, வீட்டில் வறுத்து வைத்தால் செலவு இறங்கும். கோதுமை ஒட்டியிருக்கலாம் என்பதால், அந்த மெசினில் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குரக்கனைப் பற்றி நிறையப் பேர் ஆகா ஓகோ என்கிறார்கள். சத்தில் குறை சொல்ல முடியாது. நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ஆனால் தனிக் குரக்கனில் ரொட்டி சுட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும், ஓரமெல்லாம் வெடித்து நிற்கும். அதனால்தான் கடைக் குரக்கன் ரொட்டியில் பாதிக்குப் பாதி கோதுமை மா கலக்கிறார்கள். சீலியாக் உள்ள ஒருவர் 'குரக்கன்தானே' என்று நம்பி வாங்கினால் ஏமாந்துபோவார். குரக்கனைக் கூழாகவோ களியாகவோ கிண்டுங்கள். தேங்காய்ப்பாலும் உப்பும், பிள்ளைகளுக்கென்றால் கொஞ்சம் கருப்பட்டியும் போதும். காலைப் பசிக்கு அதுபோல ஒன்று கிடையாது. பைக்குள் போட்டுக்கொண்டு மலைக்குப் போகத்தான் அதற்கு வழியில்லை.

மரவள்ளி நானுஓயாக் குளிரில் சரியாக விளையாது, கீழே இருந்து சந்தைக்கு ஏறி வருகிறது. வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். தோலைத் தடிப்பாகச் சீவி, சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட வேண்டும், அதிலுள்ள நஞ்சு அப்படித்தான் போகும். கட்டச் சம்பலோடு அந்திச் சாப்பாட்டுக்கு வைத்தால் இளசுகள் சட்டியைக் காலி பண்ணிவிடுகிறார்கள். பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு ஏதாவது வைத்துக் கொடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

பிட்டும் நல்லதுதான். இருபது நிமிசத்தில் அவிந்துவிடும். பையில் வைத்தால் உதிர்ந்து காய்ந்துபோகும், அதனால் வீட்டுச் சாப்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இடியப்பம் பிழிய விடியற்காலையில் யாருக்கு நேரம் இருக்கிறது?

விரைவு, மலிவு, வயிறு நிறைவது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மேலே நிற்பது ஒரு சட்டிப் பருப்புச் சோறு. அரிசி இரண்டு பங்கு, மைசூர்ப் பருப்பு ஒரு பங்கு. மற்றப் பருப்புகள் இந்த உயரத்தில் அடம்பிடிக்கும், மைசூர்ப் பருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். நுவரெலியா மரக்கறிச் சந்தையில் லீக்ஸின் பச்சைத் தலையை வெட்டி எறிகிறார்கள், கோவாவின் வெளி இலையையும் கழிக்கிறார்கள். அதில் நல்லதாகப் பார்த்து நறுக்கி, ஒரு கரட்டும் மஞ்சளும் சேர்த்துச் சோற்றோடு ஒன்றாக வேகவிடுங்கள். கடைசியில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் போதும். பக்கத்தில் பொரித்த நெத்தலிக் கருவாடு இருந்தால் விருந்துதான். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. தேங்காய் இல்லாமலே ருசிப்பது இதன் தனிச் சிறப்பு. தேங்காய் விலை ஏறியிருக்கும் காலத்தில் அதைச் சின்ன விசயமாக நினைக்க முடியாது.

2022இல் கோதுமை மா கிலோ முந்நூறு ரூபாவைத் தாண்டி ஏறியபோது, ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தில் ரொட்டி மலிவான சாப்பாடு என்ற நினைப்பே ஆட்டங்கண்டது. அரிசியும் அப்போது மலிவாக இருக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் மாவை மட்டுமே நம்பியிருந்த வீடுகளைவிட, மா, அரிசி இரண்டிலும் சமைக்கத் தெரிந்த வீடுகள் ஓரளவு சமாளித்தன.

நோயுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் ஆபத்து பெரும்பாலும் அரிசிச் சாப்பாட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும். ரொட்டியிலும் பாணிலும் கோதுமை இருப்பது எல்லோருக்கும் தெரியும், விலகிவிடுவார்கள். கடை இடியப்பம் வெள்ளை வெளேர் என்று இருந்தால் அது பெரும்பாலும் கோதுமை மாதான். கடைத் தோசையிலும் அப்பத்திலும் பிட்டிலும் மா கலப்பது வழக்கம். உளுந்து வடை உருட்ட வரவில்லையென்றால் ஒரு கை மா போடுவார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ந்திருக்கும். சோயா சோஸில் இருக்கிறது. சோயா மீட் பக்கட்டுகள் சிலவற்றில் இருக்கலாம், எழுத்தை வாசித்து வாங்குங்கள். பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று கொடுக்கும் மோல்ட் பானங்களில் பார்லி இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் கவனம் வேண்டும். ஒரே கல்லில் மா ரொட்டி சுட்டு, அதே கல்லில் அரிசி ரொட்டி போட்டால் செய்ததெல்லாம் வீண். தனிக் கல், தனிப் பலகை வாங்க வசதியில்லையென்றால், கழுவிய கல்லில் அரிசி ரொட்டியை முதலில் சுட்டு எடுத்து மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மாப் பக்கட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒவ்வொரு வேளையும் வேறாகச் சமைக்கப் போனால் விறகும் போகும், அம்மாவின் தூக்கமும் போகும், 'உனக்கு மட்டும் வேற' என்று அந்தப் பிள்ளையும் ஒதுங்கிப்போகும். இரவுச் சாப்பாட்டை முழுக் குடும்பத்துக்கும் அரிசிக்கு மாற்றிவிட்டு, மலைக்குப் போகிறவர்களின் காலை ரொட்டியை மட்டும் அப்படியே விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

அப்புறம் அந்தச் சூன் பாண் ஆட்டோ. பீத்தோவனின் மெட்டை அலறவிட்டுக்கொண்டு பணிசோடு லயத்து வாசலுக்கே வந்து நிற்கும்போது, பிள்ளைக்கு எந்த உபதேசமும் காதில் ஏறாது. அந்த நேரத்துக்கு ஒரு எள்ளுருண்டையோ, அவித்துத் தாளித்த கடலையோ கையில் கொடுக்கத் தயாராக வைத்திருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் பிள்ளைக்கும் இதுதானோ என்று யாராவது நினைத்தால், நாளைக்கே ரொட்டியை நிறுத்திவிட வேண்டாம். தோட்டத்தில் சோகைக்கு எத்தனையோ காரணம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவான சாப்பாடு, வயிற்றுப் பூச்சி, சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணி எல்லாமே அதில் சேரும். சீலியாக்கா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது, தேவைப்பட்டால் குடலில் சிறு துண்டு எடுத்தும் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் வைத்தியரைப் பாருங்கள், சாப்பாட்டை மாற்றுவது அதற்குப் பிறகு.