பள்ளிப் பேருந்தும் இருக்கை வாரும்



பொழுது நன்றாக விடிவதற்கு முன்பே நம் நாட்டில் பல வீடுகளின் வாசலில் பள்ளிப் பேருந்தின் ஹாரன் ஒலி கேட்கிறது. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளை ஏறிவிடுகிறது. கதவு சாத்தப்பட்டதும் தாயார் தம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார். இனிமேல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி அவருக்கு. ஆனால் வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் இடைப்பட்ட அந்த அரை மணி நேரம் பிள்ளை யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது? அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம். குறிப்பாக, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளுக்கு இருக்கை வார், அதாவது 'சீட் பெல்ட்', வேண்டுமா என்பதைப் பார்ப்போம்.

முதலில், இருக்கை வார் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். வண்டி ஓடும்போது அதன் உள்ளே இருக்கும் நாமும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். வண்டி எதன் மீதாவது மோதினால் வண்டி நின்றுவிடும், நாம் நிற்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டி திடீரென்று மோதி நின்றால், கட்டப்படாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதே வேகத்தோடு முன்னால் உள்ள கம்பியிலோ கண்ணாடியிலோ போய் மோதும். அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அந்த உயரத்தில் ஒரு பிள்ளையைச் சுவர் விளிம்பில் உட்கார வைக்க நமக்கு மனம் வருமா? வராது. ஆனால் ஓடும் வண்டியில் அந்த உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் நாம் அஞ்சுவதில்லை.

இன்று உலகெங்கும் கார்களில் உள்ள மூன்று முனை வாரை 1959ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். ஒரு பட்டை இடுப்பு எலும்பின் மீதும், மற்றொரு பட்டை தோள் வழியாக மார்பின் குறுக்கேயும் வருகிறது. இடுப்பும் மார்புக்கூடும் உடம்பில் பலமான பகுதிகள். மோதலின் வேகத்தை அவை தாங்கிக்கொள்ளும். மற்ற நிறுவனங்களும் இந்த அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்தது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை.

நம் நாட்டில் காரின் முன் இருக்கையில் இருப்பவர்கள் வார் அணிவது 1979ஆம் ஆண்டிலும், பின் இருக்கையில் இருப்பவர்கள் அணிவது 2009ஆம் ஆண்டிலும் கட்டாயமாயின. சொந்த வாகனங்களில் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்ற விதி 2020ஆம் ஆண்டு வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் விடியற்காலையில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி, 15 மாணவர்கள் உயிரிழந்தனர். நாடே கண்ணீர் வடித்தது. அடுத்த மாதம் முதல் நாளிலிருந்து விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் வார் அணிய வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது.

இந்த விதிகளையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முரண்பாடு தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரில் கோயிலுக்குப் போகும் பிள்ளை வார் மாட்டிக்கொண்டு போகிறது. திங்கட்கிழமை அதே பிள்ளை, அதே சாலையில், வேன் இருக்கையின் நுனியில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. சாலை மாறவில்லை, ஆபத்து மாறவில்லை, நம் கவனம்தான் மாறிவிட்டது.

சரி, எல்லாப் பள்ளி வாகனங்களிலும் உடனே வார் கட்டிவிட்டால் போதுமா? விஷயம் அவ்வளவு எளிதன்று. பெரிய பேருந்து வேறு, சிறிய வேன் வேறு. பெரிய பேருந்து கனமானது, உயரமானது. ஒரு கார் வந்து மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு அதிர்ச்சி குறைவாகவே இருக்கும். வேன் அப்படியல்ல. அது ஏறக்குறைய காரைப் போலத்தான் அடிபடும். ஆகவே வார் முதலில் தேவைப்படுவது வேனுக்கும் சிறிய பஸ்ஸுக்கும்தான்.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகிறார்கள். 1977ஆம் ஆண்டு முதல் அங்கே பெரிய பள்ளிப் பேருந்துகளின் இருக்கைகள் உயரமான, பஞ்சு வைத்த சாய்மானத்தோடு நெருக்கமாக அமைக்கப்படுகின்றன. அட்டைத் தட்டில் முட்டைகளை அடுக்கியது போல, முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே பிள்ளை அடங்கியிருக்கும். வண்டி நேருக்கு நேர் மோதினால் முன் இருக்கையின் பஞ்சு தாங்கிக்கொள்ளும். இதனால் பெரிய பேருந்துக்கு வார் அவசியமில்லை என்று பலர் வாதிட்டனர். சிறிய பஸ்ஸுக்கு மட்டும் வார் கட்டாயமாக இருந்தது.

ஆனால் வண்டி பக்கவாட்டில் அடிபட்டாலோ உருண்டு கவிழ்ந்தாலோ இந்த முட்டைத் தட்டு உதவாது. பிள்ளைகள் தட்டை விட்டு வெளியே சிதறிவிடுவார்கள். 2016ஆம் ஆண்டு நவம்பரில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் ஒரு பள்ளிப் பேருந்து சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்து மரத்தில் மோதியதில் ஆறு பிள்ளைகள் மாண்டனர். இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், புதிய பெரிய பள்ளிப் பேருந்துகளிலும் மூன்று முனை வார் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு பரிந்துரை செய்தது. உயரமான பஞ்சு இருக்கை உள்ள நாட்டிலேயே இந்த முடிவென்றால், இருக்கையின் மேல் வெறும் இரும்புக் கம்பி ஓடும் பழைய பேருந்துகளைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமோ?

அண்டை நாடான சிங்கப்பூர் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே 2008ஆம் ஆண்டு முதல், 15 பேருக்கு மேற்படாமல் ஏற்றும் புதிய சிறு பஸ்களில் எல்லா இருக்கைகளும் முன்னோக்கி இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் வார் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பழைய வண்டிகளை மாற்றியமைக்கத் தவணை கொடுக்கப்பட்டது. அந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது.

இனி, வாரைப் பற்றி மக்கள் எழுப்பும் சில ஐயங்களைப் பார்ப்போம்.

வண்டி தீப்பிடித்தாலோ நீரில் விழுந்தாலோ பிள்ளை எப்படித் தப்பும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மோதலில் தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையால் தப்பவே முடியாது. வார் அணிந்த பிள்ளைக்கு நினைவு தப்பாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். கொக்கியைத் தானே கழற்றவும், அவசரக் கதவைத் திறக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை பள்ளித் திடலிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஏதோ ஒரு பட்டையை வாங்கி இருக்கையில் திருகிவிட்டால் ஆகாதா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். ஆகாது. இருக்கையும் அதைத் தாங்கும் தரையும் பலமாக இல்லாவிட்டால், மோதலின்போது வாரோடு இருக்கையும் பெயர்ந்துவிடும். இடுப்பில் மட்டும் கட்டும் வார் முன்னோக்கி வளையும் பிள்ளையின் வயிற்றை அழுத்திக் காயப்படுத்தக்கூடும். குள்ளமான பிள்ளைக்குத் தோள் பட்டை கழுத்தில் ஏறிவிடும். அதைத் தவிர்க்க உயரம் கூட்டும் இருக்கை தேவைப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் இடத்தில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்தால், எந்த வாரை யாருக்குக் கட்டுவது? ஒரு பிள்ளைக்கு ஓர் இருக்கை என்பது உறுதியானால்தான் ஒரு பிள்ளைக்கு ஒரு வார் என்று பேச முடியும்.

இந்த இடத்தில் பெற்றோராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாதக் கட்டணம் ஐந்து ரிங்கிட் குறைவாக உள்ள வேனைத் தேடுகிறோம். எண்ணெய் விலை, டயர் விலை, பழுது பார்க்கும் செலவு எல்லாம் ஓட்டுநர் தலையில் விழுகின்றன. அவர் என்ன செய்வார்? மேலும் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொள்கிறார். நாம் மிச்சம் பிடித்த பணம் பிள்ளையின் இடத்தைக் குறைத்துப் பெற்ற பணமாகிவிடுகிறது. ஏழைக் குடும்பங்களால் கூடுதல் கட்டணம் கொடுக்க இயலாது என்பதும் உண்மைதான். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கம், வேன் உரிமையாளர், அரசாங்கம் மூவரும் சேர்ந்துதான் இதற்கு வழி காண வேண்டும்.

வார் காப்பாற்றாத இடம் ஒன்றும் இருக்கிறது. அதுதான் வண்டிக்கு வெளியே உள்ள இடம். அமெரிக்காவின் அனுபவத்தில், பள்ளிப் பேருந்துக்குள் இறக்கும் பிள்ளைகளைவிட, வண்டியைச் சுற்றி நடமாடும்போது இறக்கும் பிள்ளைகளே அதிகம். பேருந்தைச் சுற்றிலும் 3 மீட்டர் தூரம் அபாய எல்லை என்று அங்கே கற்பிக்கிறார்கள். கீழே விழுந்த புத்தகத்தை எடுக்கக் குனியும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. இறங்கியதும் பேருந்தின் முன்புறமாகச் சாலையைக் கடக்க ஓடும் பிள்ளையை, முந்திச் செல்லும் காரோட்டி பார்ப்பதில்லை. நின்ற பேருந்தின் இடப்பக்கமாக நுழைந்து வரும் மோட்டார் சைக்கிளும் பெரிய ஆபத்துதான்.

ஆகவே நேயர்களே, சில பழக்கங்களை நாம் நாளையே தொடங்கலாம். பிள்ளை போகும் வண்டியில் ஒரு முறை நாமே ஏறிப் பார்ப்போம். எத்தனை இருக்கை, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவோம். வார் இருந்தால் அது பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்போம். வண்டி கண்ணை விட்டு மறையும் வரை சாலையைக் கடக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போம். பள்ளிக்கூடத்தில் வண்டியை நிறுத்தியதும் கடைசி இருக்கை வரை நடந்து, தூங்கிவிட்ட பிள்ளை யாரும் இல்லை என்று பார்த்த பிறகே கதவைப் பூட்டும்படி ஓட்டுநரைக் கேட்டுக்கொள்வோம். ஓட்டுநர் ஒருவரே சாலையையும் பிள்ளைகளையும் கவனிக்க முடியாது. உடன் ஓர் உதவியாளர் இருந்தால் வார் மாட்டுவது முதல் கை பிடித்து இறக்குவது வரை அவர் பார்த்துக்கொள்வார்.

சட்டம் வரட்டும், வர வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒரு பெரிய விபத்துக்குப் பிறகுதான் சட்டம் வருகிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. நாளைக் காலையில் வாசலில் வண்டி வந்து நிற்கும்போது, 'என் பிள்ளைக்கு இதில் சொந்தமாக ஓர் இருக்கை இருக்கிறதா?' என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்கட்டும். அந்தக் கேள்வியிலிருந்துதான் மற்றவை தொடங்கும்.