பழைய டீசல் வேனும் நம்மவர் அனுபவமும்



தோவாளைச் சந்தையிலிருந்து விடியுமுன் பூவேற்றிச் செல்லும் நம்மவர் சிலரிடம் இன்றும் பழைய மெட்டடார் வேன்கள் உள. பஜாஜ் டெம்போக் கம்பெனியார், 2005 முதல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் பூண்டோர், அவ்வண்டியைச் செய்யாது விட்டுப் பல்லாண்டுகளாயின. அதனை நன்கறிந்த மிஸ்திரிகளும் முதுமையெய்தினர். எஞ்சின் பிடியாவிடில் பூ வாடும். வாடிய பூவை வாங்குவார் யார்?

ஆதலின் ஒரு சிறு விஷயத்தை விண்ணப்பித்துக் கொள்கிறேன். ஸ்டார்ட்டர் சுழல, வெண்புகை வந்தும் எஞ்சின் பிடியாவிடில், டீசல் செல்கிறது, எரியவில்லை என்பது பொருள். முதற்கண் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும். ஒற்றை முனைப் பிளக்காயின், இணைப்பைக் கழற்றி, பாட்டரியின் பிளஸ் முனைக்கும் பிளக்கின் முனைக்கும் இடையே 12 வோல்ட் பல்பொன்றை வைத்துப் பாருங்கள். பல்பு எரியாவிடில் அந்தப் பிளக்கு பழுது. இரு முனையுள்ள பழைய வகையிலோ மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால், ஒன்று கெட்டாலே நான்கும் சூடேறா.

புகையே காணோமெனில் டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கலாம். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அடித்தால் பெரும்பாலும் தீரும். இதற்கே டீசல் பம்பைக் கழற்றிக் கூலி கேட்பாரும் உளர்!

தெரிந்ததைத் தொழில் இரகசியமென்று மறைப்பது நம்மிற் சிலர்க்கு வழக்கம். அம்மறைவால் எவருக்கும் இலாபமில்லை என்பது என் துணிபு. எந்த உதிரிப்பாகத்துக்கு எவ்வண்டியின் பாகம் பொருந்திற்று என்பதை அறிந்தோர், வரும் இதழுக்குள் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.