புயற்காலத்தில் கடலை அளத்தல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தொழிலுடைய யாம் இன்று கடலையும் புயலையும் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். மூதாட்டியார் ஒருவர் எம்மைக் கேட்ட கேள்வியே இதற்குக் காரணம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மாலை. கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேற நெருங்கிக்கொண்டிருந்தது. கடலோரத்துக் குடியிருப்பில் இருந்தோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரும் பணியில் யாமும் இருந்தோம். எல்லாரும் புறப்பட்டனர். அவ்வம்மையார் மட்டும் ஆட்டுக்குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையை விட்டு அசையவில்லை. "வாத்தியாரய்யா! காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிறீர்கள். அது கிடக்கட்டும். தண்ணீர் என் வாசற்படி ஏறுமா, ஏறாதா? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

எமக்கு விடை தெரியவில்லை. அவருடைய பேரன்மார் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளியிற் சேர்த்தனர். ஆனால் அக்கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடிக் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

புயல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது காற்று. கூரை பறப்பதும் தென்னை சாய்வதும் கண்ணுக்குத் தெரிவன. ஆயினும் வங்கக் கடலின் வரலாற்றைப் பார்ப்போமாயின், பேரழிவுகளில் உயிரை மிகுதியாகக் கொண்டுபோனது காற்றன்று. கடல்நீரே என்பது விளங்கும். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாப் புயலில் 50,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. அவருட் பெரும்பாலோர் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிய கடல்நீரில் மூழ்கியவர். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திர நாட்டுத் திவிசீமையில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்ததும் நீராலேயே.

இதனை முன்னரே கண்டு எச்சரித்த அறிஞர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் அவர். கப்பல் தலைவராக இருந்து, பின்னர்ப் புயல்களை ஆராய்ந்தவர். சுழன்று வரும் புயலுக்குப் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'சைக்ளோன்' என்ற பெயரைப் படைத்தவரும் அவரே. மாத்லா ஆற்று முகத்தில் புதிய துறைமுகம் ஒன்று அமைக்க அரசினர் எண்ணியபோது, 1853-இல் அவர் கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். புயற்காலத்துக் கடற்பெருக்கு அவ்விடத்தை ஒருநாள் அழித்துவிடும் என்பது அதன் கருத்து. அவர் சொல் ஏறவில்லை. துறைமுகம் எழுந்தது, கானிங் துறைமுகம் எனப் பெயரும் பெற்றது. 1867-இல் வந்த புயல் அதனைப் பாழாக்கிற்று. பிடிங்டன் அதற்குச் சில ஆண்டு முன்னரே காலமாகிவிட்டார்.

இனிப் புயற்காலத்தில் கடல் உயர்வது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். அவ்வுயர்வு மூன்று கூறுகளால் ஆகியது.

முதலாவது ஓதம். சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதனால் நாடோறும் கடல் ஏறுவதும் வற்றுவதும் இதுவே. அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி இஃது மிகும். நம் தமிழ்நாட்டுக் கீழ்க்கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். வங்கத்து ஹூக்ளி முகத்திலோ நான்கு, ஐந்து மீட்டர் வரை செல்லும்.

இரண்டாவது புயலெழுச்சி. புயலின் நடுவே காற்றின் அழுத்தம் குறைதலால் அங்கே கடல் சிறிது மேலெழும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இது சிறு பகுதியே. பெரும் பகுதி, காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளிக் குவிப்பதனால் வருவது. கடல் ஆழமாயின் தள்ளப்பட்ட நீர் அடிவழியே திரும்பிச் செல்லும். ஆழம் குறைவாயின் செல்ல வழியின்றிக் கரைமேல் ஏறும். வங்கக் கடலின் வடகோடி ஆழம் குறைந்தது. புனல் போலக் குறுகியும் செல்வது. நம் பாக்கு நீரிணையும் ஆழமற்றதே. ஆதலின் இவ்விரண்டு இடங்களும் அஞ்சத்தக்கன.

மூன்றாவது அலை. முன்னிரண்டாலும் உயர்ந்த நீரின்மேல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும். அவை உடைந்து நீரை மேலும் கரைக்கு ஏற்றும். சுவரையும் தூணையும் இடிக்கும். நின்ற நீர் நனைக்கும்; அலையே இடிக்கும்.

இம்மூன்றும் கூடியதன் விளைவைத் தனுஷ்கோடி அறியும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில் 100-க்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. நிலையமும் கோயிலும் தபால் நிலையமும் இடிந்து நின்றன. அவ்வூர் மக்கள் வாழ்தற்கு உரியதன்று என அரசினர் பின்னர் அறிவித்தனர்.

இக்கூறுகளை அளப்பது எங்ஙனம்? ஓதத்தையும் எழுச்சியையும் அளப்பது ஓதமானி. துறைமுகத்தில் நெட்டுக் குழாய் ஒன்றை நிறுத்துவர். அதன் அடியிற் சிறு துளை மட்டும் இருக்கும். அதனால் வெளியே அலை எத்துணை எழுந்து வீழ்ந்தாலும் உள்ளே நீர் அமைதியாக ஏறி இறங்கும். முற்காலத்தில் அந்நீரின்மேல் ஒரு மிதவையும், அதனோடு இணைந்த எழுதுகோலும், கடிகாரத்தால் சுழலும் தாட்சுருளும் இருந்தன. பம்பாயில் 1878 முதல் இவ்வாறு கடல்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. இக்காலத்தில் மேலிருந்து ராடார்க் கதிரை நீர்ப்பரப்பில் விடுத்து, அது மீளும் நேரத்தால் உயரத்தைக் கணக்கிடும் கருவிகள் வந்துள்ளன. அவை செயற்கைக்கோள் வழியே உடனுக்குடன் செய்தி அனுப்பும். அன்றன்றைய ஓதம் எவ்வளவு என்பது முன்கூட்டியே கணித்து அச்சிடப்பட்ட ஓத அட்டவணையில் உண்டு. கருவி காட்டும் அளவினின்று அட்டவணையின் அளவைக் கழித்தால் எஞ்சுவதே புயலெழுச்சி.

அலையை அளப்பது மிதவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள மஞ்சள்நிற உருண்டை அது. கடலடியில் நங்கூரமிட்டு, நீண்டு சுருங்கும் ரப்பர்க் கயிற்றாற் பிணித்திருப்பர். அலையோடு எழுந்து அலையோடு வீழும். எழும் விரைவு மாறுதலை உள்ளிருக்கும் கருவி உணர்ந்து, அதனின்று உயரத்தைக் கணக்கிட்டு, அரைமணிக்கு ஒரு முறை கரைக்கு அனுப்பும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் புதுச்சேரி, விசாகப்பட்டினம், கோபால்பூர் முதலிய இடங்களில் இவற்றை நிறுவியுள்ளது. இம்மிதவை காட்டும் அலையுயரம், உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியாகும். மூன்று மீட்டர் என்று அது கூறினால், தனியலை ஒன்று ஏறத்தாழ ஆறு மீட்டர் எழவும் கூடும். செய்தி கேட்கும் நம் மீனவ நண்பர்கள் இதனை மறத்தலாகாது.

கருவிகள் பெருகிவிட்டன, அச்சம் நீங்கிற்று என்று எண்ணலாமோ? எண்ணலாகாது. 1970-ஆம் ஆண்டு நவம்பரில், அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த வங்கத்தைத் தாக்கிய புயலைச் செயற்கைக்கோள் கண்டிருந்தது. புயல் வருகிறது என்பதை மக்களிற் பலர் கேட்டும் இருந்தனர். பாதுகாப்பான இடம் நாடிச் சென்றவரோ மிகச் சிலர். ஓதம் உயர்ந்த வேளையில் எழுச்சியும் வந்து சேர்ந்தது. 3,00,000 பேருக்குக் குறையாது மாண்டனர் என்பர். அளவு இருந்தும் அது வாசற்படி வரை வந்து சேரவில்லை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பாராதீப்புக்கு அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் கோபால்பூர் அருகே பைலின் புயல் வந்தபோது, அம்மாநிலத்தில் ஏறத்தாழ 10,00,000 பேர் முன்னரே இடம்பெயர்ந்தனர். இறந்தோர் ஐம்பதின்மருக்குட்பட்டனர். இரண்டாம் முறை கடலெழுச்சி சிறிதாயிருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆயினும் தூண்களின்மேல் உயர்ந்த புகலிடங்களும், அளந்து சொன்ன எச்சரிக்கையும், சொன்னவுடன் எழுந்து நடந்த மக்களும் இல்லையாயின் அத்துணை உயிர் பிழைத்திரா.

இப்பொழுது மூதாட்டியாரின் கேள்விக்கு வருவோம். வானிலைத் துறையார் தம் எச்சரிக்கையில், 'வழக்கமான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர் கடல் உயரும்' என்பது போலக் கூறுவர். நம்மவர் அதனைக் கேட்டு, 'ஒரு மீட்டர்தானே! நம் வாசற்படி கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே உள்ளது' என்று இருந்துவிடுவர். பிழை இங்கேதான். எடுத்துக்காட்டாக, அவ்வேளை ஓதம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 0.4 மீட்டர் எனக் கொள்வோம். எழுச்சி 1 மீட்டர். உடையும் அலைகள் ஏற்றும் நீர் அரை மீட்டர். கூட்டினால் 1.9 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்து வீட்டினுள் நீர் முழங்காலுக்கு நிற்கும். அதன்மேல் அலை வேறு மோதும். 'தண்ணீர் ஏறும், அம்மா. எழுந்து வாருங்கள்' என்று அன்று யாம் சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்கு எமக்கு வேண்டியிருந்தது ஓர் எண். அவர் வாசற்படியின் உயரம். அஃது எமக்கும் தெரியாது, ஊரில் எவருக்கும் தெரியாது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கடலோரத்தில் நம்மவர் வாழும் ஒவ்வோர் ஊரிலும், மட்டம் பார்க்கத் தெரிந்த எஞ்சினீயர் ஒருவரைக் கொண்டு, பள்ளிச் சுவரிலும் கோயில் மதிலிலும் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று மீட்டர்க் கோடுகளை வண்ணத்தால் எழுதிவைப்போமாக. நம்மிடையே அத்தொழில் கற்ற இளைஞர் பலர் உளர். செலவு சிறிது. எழுத்தறியாதாரும் கோட்டைக் கண்டு, 'நம் வீடு இதற்குக் கீழே' என அறிந்துகொள்வர். ஓத அட்டவணை பார்க்கும் முறையை உயர்ந்த வகுப்பு மாணவர்க்குக் கற்பிக்க யாமே முன்வருகிறோம்.

இன்னும் ஒன்று உண்டு. அன்றிரவு அம்மூதாட்டியாரின் வீட்டுக் கூரையைக் காற்றுக் கொண்டுபோயிற்று. கடல் அவர் வாசலுக்கு வரவில்லை. மறுநாள் அவர் எம்மைப் பார்த்து, "வரவில்லையே, வாத்தியாரய்யா! வீணாக இழுத்தடித்தீர்களே" என்றார். இச்சொல்லுக்கே யாம் அஞ்சுகிறோம். ஒருமுறை வராத கடல் மறுமுறையும் வாராது என்று எண்ணி வீட்டிலே தங்குவோரே பின்னர் மாள்கின்றனர். புயல் சிறிது திசை மாறினால் எழுச்சி வேறோர் ஊருக்குப் போகும். ஓதம் வற்றிய வேளையில் வந்தால் நீர் குறையும். அதனால் முன் சொன்ன எச்சரிக்கை பொய்யாகிவிடாது. பத்துமுறை புறப்பட்டுப் பத்துமுறையும் உலர்ந்த வீட்டுக்குத் திரும்புவோமாயின் அது நம் பேறு. அப்படித் திரும்பும்போது முணுமுணுக்காமல் திரும்பும் பழக்கத்தை நம் இல்லங்களிற் பெரியோர் தொடங்கிவைத்தல் வேண்டும்.

அவ்வம்மையார் இன்றும் உள்ளார். முதற்கோட்டை அவர் வீட்டுக்கு எதிரேயுள்ள பள்ளிச் சுவரில் இட எண்ணியுள்ளோம். அவர் கேள்விக்கு விடை அங்கே எழுதப்பட்டிருக்கும்.