கையும் கணக்கும்: சக்கர ஸ்டட் மாற்றுதல்



வெள்ளி விழா மேடையில் சக்கர ஸ்டட்டைப் பற்றிப் பேச்சா என்று சிலர் முறுவலிக்கக்கூடும். நம் இளைஞர்களில் பலர் கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். ஒரு ஸ்டட் உடைந்தால் அன்றைய வருவாய் போகிறது. உடைந்ததைப் பொருட்படுத்தாது ஓட்டினாலோ, எஞ்சியவையும் சுமை தாங்காமல் முறிந்து சக்கரமே கழன்றோடக்கூடும். நம் சோற்றையும் உயிரையும் தொடும் செய்தி இது.

கையுழைப்பைத் தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தியவர்கள், அவ்வுழைப்பின் கணக்கை மட்டும் ஏட்டில் வைத்து நமக்கு எட்டாமல் பூட்டினர். இன்று படித்து வந்த நம் பிள்ளைகளில் சிலரோ, படிப்பென்பது கையில் கிரீஸ் படாதிருப்பதே என எண்ணுகின்றனர். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் பிரிவு 1973-இல் அதில் சேர்ந்தது. அவ்விடங்களை நாம் கேட்டுப் பெற வேண்டாமா?

ஸ்டட் என்பது ஹப்பின் பின்புறமிருந்து அழுத்திப் பொருத்திய மரையாணி. தலைக்கு அருகிலுள்ள நுண்ணிய பல்வரிகள் துளையைக் கவ்விக்கொண்டு, ஆணி சுழலாமல் காக்கின்றன. வெளியே நீண்டிருக்கும் மரையில் சக்கரத்தை மாட்டி நட்டால் இறுக்குகிறோம். (வோல்க்ஸ்வாகன் போன்ற சில கார்களில் ஸ்டட்டே இல்லை, போல்ட் நேராக ஹப்பில் ஏறும்.)

அது ஏன் உடைகிறது? நட்டு தளர்ந்து ஆடினாலும் உடையும். மரை கோணலாக ஏறினாலும் உடையும். ஆயினும் முரட்டு இறுக்கமே பெருங்குற்றவாளி. பள்ளியில் படித்த நெம்புகோலை இங்கே நினைவுகூர்வோம். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பொதுவாக வேண்டிய முறுக்கு விசை 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். அதாவது ஏறக்குறைய 8 முதல் 11 கிலோகிராம் மீட்டர். 30 செ.மீ. ஸ்பேனரின் முனையை 30 கிலோ விசையுடன் இழுத்தால் 9 கிடைக்கும். அதன்மேல் 60 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால் 18. ஒரு மீட்டர் குழாயைச் செருகி, அதன் முனையில் ஏறி நின்றாலோ 60! அன்றே முறியாவிடினும் ஆணி நீண்டு களைத்து, பின்னொரு நாள் நடுச்சாலையில் முறியும். நம் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கிறது. அதைப் படிக்கத்தானே எழுத்தறிவு!

இனி, டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் மாற்றும் முறையைக் காண்போம். சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளவேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் கட்டாயம் ஸ்டாண்டு கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் கை நீட்டவேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. பிரேக் குழாயில் தொங்கினால் குழாய் கெடும். டிஸ்க்கை எடுத்தபின் ஹப்பைச் சுழற்றி, பின்னால் இடைவெளி உள்ள இடத்துக்கு உடைந்த ஸ்டட்டைக் கொணர்ந்து, சுத்தியலால் தட்டிப் பின்புறமாக வெளியேற்றுக. ஓங்கி அடித்தல் பேரிங்கிற்கு ஆகாது. சில வண்டிகளில் இடைவெளியே இராது, அல்லது டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றாகவே இருக்கும். அவற்றைப் பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை.

கழற்றியதை எறியாமல் கடைக்கு எடுத்துச் சென்று, நீளம், கனம், மரை, பல்வரியின் விட்டம் ஆகிய நான்கும் ஒத்திருக்கப் பார்த்து வாங்கவேண்டும். புதியதைப் பின்புறமிருந்து செருகி, முன்னால் சில வாஷர்களை மாட்டி, பழைய நட்டு ஒன்றைத் தட்டையான பக்கம் உள்நோக்க வைத்து மெல்ல இறுக்கினால், ஆணி தானே இழுபட்டு அமரும். தலை ஹப்பின் பின்புறத்தோடு இடைவெளியின்றிப் படிந்ததா என்பதை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். இதில் அவசரம் கூடாது.

டிஸ்க்கும் காலிப்பரும் சக்கரமும் ஏறியபின், நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டின் அளவுக்கு முறுக்குமானியால் இறுக்குக. அது விலையுள்ள கருவிதான். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். புறப்படுமுன் பிரேக்கை இருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கரம் ஆறியதும் எல்லா நட்டுகளையும் அதே அளவுக்கு மீண்டும் சோதிக்கவேண்டும்.