தலை சாய்க்க ஓர் இடம்

(ஜூபிலி நிறைவு நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு நிறைவுபெறும் இந்நன்னாளில், இவ்வாலயத்திற்குக் கல்லும் மண்ணும் சுமந்த நம் முன்னோர்களை நன்றியோடு நினைவுகூர்ந்தோம். கொடிமரம் புதிதாயிற்று. கோபுரத்திற்கு வண்ணம் பூசியாயிற்று. எஞ்சிய விழாப் பணத்தில் நுழைவாயிலில் ஓர் அலங்கார வளைவு கட்ட வேண்டுமென்று பலர் விரும்புகிறீர்கள். அதைப் பற்றி முடிவு செய்யுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, திருப்பலிக்கு மணியடிக்க வந்த கோயில்பிள்ளை, ஆலயத்தின் பின்தாழ்வாரத்தில் ஒரு பையன் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவதைக் கண்டார். எழுப்பி, "இங்கே படுக்கக்கூடாது தம்பி" என்று அனுப்பிவிட்டார். செய்தது சரி என்றே நாமும் சொன்னோம். உண்டியல் உள்ள இடம் அல்லவா?

உண்மை பிறகே தெரிந்தது. அவன் வேலூரில் கல்லூரி முதலாண்டு படித்தவன். தகப்பனார் இல்லை. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்க் காப்பாற்றிய தாயார் நோயில் விழுந்தார். வாடகை பாக்கியானது, வீட்டைக் காலி செய்தார்கள். தாயார் தம் அண்ணன் வீட்டில் ஒதுங்கினார். அங்கே மகனுக்கு இடமில்லை. நண்பன் வீட்டில் சில இரவு, பஸ் நிலையத்தில் சில இரவு, நம் தாழ்வாரத்தில் ஓர் இரவு. அவன் நம் பங்கைச் சேர்ந்தவன் அல்லன், நம் மதத்தினனும் அல்லன். ஆனால் நம் கூரையை நம்பி வந்தான். தேடிப் போனபோது, படிப்பை விட்டு வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதாக நண்பன் சொன்னான். அன்று காலை "ஏன் தம்பி இங்கே படுத்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தவறிவிட்டோம்.

அன்பர்களே, வீடற்றவர் என்றதும் நடைபாதையில் கந்தல் விரித்துப் படுப்பவரே நம் நினைவுக்கு வருகிறார். மாணவன் அப்படிப் படுப்பதில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறான். வெட்கம் அவன் வாயைக் கட்டிவிடுகிறது. ஆதலால் அவன் நம் கண்ணில் படுவதில்லை.

நம் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலூரில் ஊரீசு கல்லூரியும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும், காட்பாடியில் அக்சீலியமும், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியும், வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரியும் உள்ளன. ஜவ்வாது மலையிலிருந்தும், தோல் ஷாப்புத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அரசு விடுதிகள் உண்டு. 2025-இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரிடுவதாக அரசு அறிவித்தது. 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவியோடு தொடங்கப்பட்டன. நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் ஆயிரம் ரூபாயில் புத்தகம் வாங்கலாம், அறை கிடைக்குமா? விடுதியில் இடம் கிடைக்காதவனும், விடுமுறையில் விடுதியைப் பூட்டியதும் போக வீடில்லாதவனும் எங்கே போவார்கள்? வாடகைக்குக் கேட்டால் முதலில் முன்பணம், அதையும் மிஞ்சி, "நீங்கள் என்ன ஆளுங்க?" என்ற கேள்வி.

அந்தக் கேள்வி புதிதல்ல. வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர், 1917-இல் பரோடாவில் அரசுப் பணிக்குச் சென்றபோது தங்க இடமின்றிப் பார்சி விடுதி ஒன்றில் தம்மை யாரென்று மறைத்துத் தங்கினார். சில நாளில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அவர் 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. இடமில்லாத வேதனையை அறிந்தவர் பிறருக்கு இடம் தேடினார்.

"இடம் கொடுத்தால் திருடிவிடுவார்களே" என்று சிலர் அஞ்சலாம். நியாயமான அச்சமே. தூய தொன்போஸ்கோ தூரின் நகரில் வைக்கோல் பரணில் சில இளைஞர்களைத் தூங்க வைத்தார். விடிந்து பார்த்தால் ஆட்களும் இல்லை, போர்வைகளும் இல்லை! ஆயினும் 1847 மே மாதத்தில் மழையில் நனைந்த ஓர் அநாதைச் சிறுவன் கதவைத் தட்டியபோது, அவரும் அவர் தாயார் மார்கரீத்தாவும் கதவைச் சாத்தவில்லை. செங்கல்லும் பலகையும் அடுக்கிச் சமையலறையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். சலேசிய இல்லங்களின் விடுதிப் பணி அந்தப் பலகையிலிருந்துதான் வளர்ந்தது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இக்குறை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள், வீடற்ற சக மாணவர்களுக்காக 2016-இல் ஓர் இரவுத் தங்குமிடம் தொடங்கினார்கள். அதற்கு இடம் கொடுத்தது சாண்டா மோனிக்கா நகரின் ஒரு லுத்தரன் ஆலயம். ஓர் ஆலயத்தால் செய்ய முடிந்ததை இன்னோர் ஆலயத்தால் செய்ய முடியாதா?

ஆகவே பங்குப் பேரவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆலயத்தின் பின்னால் உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடக்கும் பழைய அறைகளைச் செப்பனிட்டு, எட்டுக் கட்டில்களும் ஒரு குளியலறையும் அமைப்போம். பொறுப்பாளர் ஒருவர் இரவில் உடன் தங்கட்டும். இரண்டாவது, பெண் பிள்ளைகளைத் தாழ்வாரத்திற்கு வரும்வரை காத்திருக்க விடலாகாது. தனித்து வாழும் நம் தாய்மார் சிலரின் வீடுகளில், பேரவையின் பொறுப்பில் அவர்களுக்கு இடம் தேடுவோம். மூன்றாவது, அறைக்கு முன்பணம் கட்ட முடியாதவர்களுக்குக் கடனாகக் கொடுக்க ஒரு நிதி வைப்போம். படித்து முடித்து வேலை கிடைத்தபின் திருப்பிக் கட்டட்டும். மதமோ சாதியோ கேட்க வேண்டாம். கல்லூரி அடையாள அட்டை போதும்.

அலங்கார வளைவை இன்னொரு விழாவில் கட்டிக்கொள்ளலாம். இந்த ஆண்டு படிப்பை விடும் பிள்ளை இன்னொரு விழாவரை காத்திருக்க மாட்டான். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரை வணங்கும் நாம், நம் தாழ்வாரத்தில் இனி எவன் படுத்திருந்தாலும் எழுப்பி, முதலில் காப்பி கொடுத்து, பிறகு பெயரைக் கேட்போம். ஜூபிலியின் நினைவுச் சின்னமாக அந்த எட்டுக் கட்டில்கள் இருக்கட்டும்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், இல்லமற்ற பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக!